திண்ணையும் உள்ளறையும்: வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் இடுதல்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு சிறியது. வீட்டில் உள்ள வைஃபைக்குக் கடவுச்சொல் வைப்பது எப்படி? 'இதற்கு ஒரு கூட்டமா?' என்று சிலருக்குத் தோன்றலாம். அதனால்தான் அவைக்கு வந்ததும் நான்கு கேள்விகள் கேட்டேன். வீட்டில் வைஃபை வைத்திருப்பவர்கள் யார்? ஏறத்தாழ எல்லாக் கைகளும் உயர்ந்தன. அதற்குக் கடவுச்சொல் உண்டா? உயர்ந்த கைகள் இறங்கவில்லை. அந்தக் கடவுச்சொல்லை நீங்களே வைத்தீர்களா, இணைப்புக் கொடுக்க வந்த தம்பி வைத்துவிட்டுப் போனாரா? பாதிக் கைகள் இறங்கிவிட்டன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய இன்னொரு கடவுச்சொல் இருக்கிறதே, அதை மாற்றியவர்கள் யார்? நான்கே கைகள் மிஞ்சின. ஆகவே இந்த நேரம் வீணாகாது என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

ஆசிரியருக்கு ஏன் இந்தக் கவலை?

நம் வீடு இப்போது பாதிப் பள்ளி அலுவலகம். வருகைப் பதிவில் விடுபட்டதைச் சரிபார்ப்பது, எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது, மதிப்பெண் பட்டியல் தயாரிப்பது, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண்களைத் திரட்டுவது என இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டு மேசையில்தான் பல வேலைகள் முடிகின்றன. நம் மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் மாணவரின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைப்பேசி எண், ஆதார் எண், ஒளிப்படம் எல்லாம் இருக்கின்றன.

இவை நம்முடையவை அல்ல. நம்மை நம்பிப் பெற்றோர் ஒப்படைத்தவை. 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களுக்குத் தனிக் கவனம் கோருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வகுப்புக் குழந்தையின் விவரத்தை ஆசிரியர் வீட்டிலிருந்து யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி ஊருக்குள் பரவினால், அந்தப் பெற்றோர் முகத்தில் நாம் எப்படி விழிப்போம்?

பக்கத்து வீட்டுக்காரர் நம் வைஃபையில் படம் பார்த்தால் இணைய வேகம் குறையும். பலர் நினைப்பது இந்த ஓர் இழப்பைத்தான். உண்மையில் இது மிகச் சிறிய இழப்பு. ஒருவர் நம் வைஃபைக்குள் வந்துவிட்டால், நம் வீட்டின் எல்லாக் கருவிகளும் இருக்கும் அதே கூடத்தில் அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். மடிக்கணினியில் பகிர்வுக்குத் திறந்து வைத்த கோப்புறை, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றை அவர் தேடிப் பார்க்கலாம். ரூட்டரின் அமைப்புப் பக்கமும் பூட்டப்படாமல் இருந்தால், நாம் ஒரு தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது வேறொரு போலித் தளத்துக்குத் திருப்பிவிடும்படி அதை மாற்றியும் வைக்கலாம்.

இன்னொன்று, நம் பெயர். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று தேடிய காவல்துறை, நவி மும்பையில் ஓர் அடுக்ககத்தில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்றது. மின்னஞ்சலை அனுப்பியவர் அவர் அல்லர். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் அவர் விசாரணைக்கு உள்ளானார். அவருடைய கணினி ஆய்வுக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று டெல்லிக் குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் இன்னொருவரின் வைஃபை வழியாகவே அனுப்பப்பட்டிருந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, கேள்வி முதலில் அவரிடம்தான் வரும்.

பூட்டுகள் இரண்டு

எனக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவர் வீட்டில் மாலை ஆறு மணி ஆனால் இணையம் நத்தையாக ஊரும். 'கொஞ்சம் வந்து பாருங்கள் சார்' என்று அழைத்தார். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தோம். வீட்டில் இருப்பவை ஐந்து கருவிகள். பட்டியலில் இருந்தவை பதினான்கு. கடவுச்சொல் என்னவென்று கேட்டேன். இணைப்புக் கொடுத்தவர் அவருடைய கைப்பேசி எண்ணையே வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த எண் பள்ளிச் சுவரில் 'தலைமை ஆசிரியர் தொடர்புக்கு' என்ற வரிக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது! பூட்டு இருந்தது, சாவி ஊர்ச் சுவரில் தொங்கியது.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வைஃபை வைத்திருக்கும் வீட்டில் பூட்டுகள் இரண்டு. ஒன்று, கைப்பேசியை வைஃபையில் இணைக்கும்போது கேட்கும் கடவுச்சொல். இது வீட்டின் வாசல் பூட்டு. மற்றொன்று, ரூட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்காக உள்ளே நுழையும்போது கேட்கும் கடவுச்சொல். இது பீரோ பூட்டு. வாசல் பூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பீரோவைப் பெரும்பாலும் தொழிற்சாலையில் வைத்த சாவியோடு அப்படியே விட்டுவிடுகிறோம். பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்ற நிலையில் எத்தனையோ பெட்டிகள் இருக்கின்றன.

இதன் விளைவை 2016இல் உலகம் பார்த்தது. 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைக்கப்படும் இத்தகைய பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை வைத்துக்கொண்டு இணையம் முழுவதும் கதவு தட்டியது. கேமராக்கள், ரூட்டர்கள் என இலட்சக்கணக்கான கருவிகள் அதற்குத் திறந்துவிட்டன. அந்தக் கருவிகளின் படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில், ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. அந்தக் கருவிகளின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியாது.

எந்தக் கடவுச்சொல் வலியது?

இது நம் கணக்கு ஆசிரியர்களுக்குப் பிடித்த பகுதி. நம் கைப்பேசி வைஃபையில் இணையும் நேரத்தில் காற்றில் போகும் செய்தியை ஒருவர் பதிவுசெய்துகொண்டு போய்விட முடியும். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து, 'இதுவா, இதுவா' என்று கணினியை விட்டு ஊகிக்கச் செய்யலாம். விளையாட்டுகளுக்காக விற்கப்படும் நல்ல வரைகலை அட்டை ஒன்று வினாடிக்குப் பத்து இலட்சம் ஊகங்களைச் சோதிக்கும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

பிறந்த தேதியை வைத்தால்? நூறு ஆண்டுகளில் உள்ள நாட்கள் 36,525 மட்டுமே. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

கைப்பேசி எண்ணை வைத்தால்? நம் நாட்டில் அது 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கங்கள். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் வினாடிக்குப் பத்து இலட்சம் என்றால் 4,000 வினாடிகள். ஒரு மணி நேரம் ஏழு நிமிடம்!

தமிழாசிரியர்கள் திருக்குறளின் ஓர் அடியை வைக்க விரும்பலாம். நீளமாகத்தான் இருக்கும். ஆனால் குறள்கள் 1,330தான் என்பது ஊகிப்பவருக்கும் தெரியும். எழுத்துக்கூட்டலை ஆயிரம் விதமாக மாற்றிப் பார்த்தாலும் சில வினாடி வேலை. எல்லோரும் அறிந்த வரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது வலிய கடவுச்சொல் ஆகாது.

சரி, வலியது எது? ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள். ஓர் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடங்களில் திறந்து, விரல் பட்ட சொற்களை எடுங்கள். முருங்கை, தபால், நண்டு, ஏணி, சித்திரை என்பது போல. 5,000 சொற்களிலிருந்து நான்கு எடுத்தால் 625 இலட்சம் கோடிச் சேர்க்கைகள். அவை அனைத்தையும் சோதிக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அது 5,000 மடங்காகி, ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆண்டுகள் ஆகிவிடும். அடுக்குகள் பாடத்தை நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

வைஃபை கடவுச்சொல்லில் 8 முதல் 63 குறிகள் வரை இருக்கலாம். அவை ஆங்கில விசைப்பலகையில் உள்ள எழுத்துகள், எண்கள், குறியீடுகளாக இருக்க வேண்டும். எனவே நம் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ளலாம். நான் சொன்ன ஐந்து சொற்களை மட்டும் யாரும் வைத்துவிடாதீர்கள். இந்த அவை முழுவதும் கேட்டுவிட்டது.

தாளில் எழுதி வைக்கலாமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்கள். தாராளமாக. எழுதி பீரோவில் வையுங்கள். இணையத்தில் வரும் திருடனால் உங்கள் நாட்குறிப்பைப் புரட்ட முடியாது. நினைவில் நிற்க வேண்டுமென்று எளிய சொல்லை வைப்பதைவிட, வலிய சொல்லை வைத்து எழுதிக்கொள்வது மேல். ரூட்டரின் மீது ஒட்டி வைப்பதும், வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் மட்டும் வேண்டாம்.

அரை மணி நேர வேலை

இனி செய்முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாருக்கும் அவசர வேலை இல்லாத அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில், ரூட்டரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அமைப்புப் பக்கத்தின் முகவரி, பயனர் பெயர், முதல் கடவுச்சொல் ஆகியவை அங்கே அச்சிடப்பட்டிருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வீட்டு வைஃபையில் இணைந்த கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ உலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையில் இதைத் தட்டச்சு செய்தால் நுழைவுப் பக்கம் வரும். ஒட்டுச்சீட்டில் உள்ளது பலிக்கவில்லை என்றால் இணைப்புக் கொடுத்தவரைக் கேளுங்கள். ரூட்டரின் பின்புறம் ஊசித் துளைக்குள் இருக்கும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். ஃபைபர் இணைப்புப் பெட்டிகளில் நிறுவனம் பதிந்து வைத்த விவரங்களும் அதனால் அழிந்துபோய், இணைப்பே நின்றுவிடக்கூடும்.

இரண்டாவது, உள்ளே சென்றதும் பீரோ பூட்டை மாற்றுங்கள். 'நிர்வாகம்', 'சிஸ்டம்' போன்ற பெயருள்ள பகுதியில் நுழைவுக் கடவுச்சொல்லை மாற்றும் வசதி இருக்கும். வைஃபைக்கு வைப்பதையே இதற்கும் வைக்காதீர்கள். வெளியிலிருந்து இணையம் வழியாக ரூட்டரை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, 'வயர்லெஸ்' பகுதிக்குச் சென்று பாதுகாப்பு வகையைப் பாருங்கள். 'ஓப்பன்' என்றிருந்தால் பூட்டே இல்லை. 'டபிள்யூ.இ.பி.' என்பது 1997இல் வந்த பூட்டு; அதன் அடிப்படைக் குறையை ஆய்வாளர்கள் 2001லேயே வெளிப்படுத்திவிட்டார்கள். இன்று அது சில நிமிடங்கள்கூடத் தாங்காது. 2003இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.' இடைக்கால ஏற்பாடு. 2004இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.2', 2018இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.3' ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதில் 'ஏ.இ.எஸ்.' என்றிருப்பதை எடுக்க வேண்டும். மூன்றாவது இருந்தால் நல்லது. செய்தியைப் பதிவுசெய்துகொண்டு போய் வீட்டில் ஊகிக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. பழைய கைப்பேசிகள் இணைய மறுத்தால், இரண்டும் கலந்த வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

நான்காவது, 'டபிள்யூ.பி.எஸ்.' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் எட்டு இலக்க எண்ணைக் கொண்டு கருவிகளை இணைப்பதற்காக வந்தது இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று நினைப்போம். ஆனால் முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்பதை ரூட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். ஆக 10,000உம் 1,000உம் சேர்ந்து 11,000 முயற்சிகளே போதும். இந்தக் குறை 2011 டிசம்பரில் வெளியானது. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் வந்ததால் ஒரு பூட்டு உடைந்த கதை இது, வகுப்பில் சொல்லலாம்.

ஐந்தாவது, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றிச் சேமியுங்கள். பெயரில் உங்கள் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம். சேமித்த உடனே எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றிலும் புதிய கடவுச்சொல்லை ஒருமுறை இட்டால் போதும். கடைசியாக, ரூட்டருக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று பார்த்துப் புதுப்பித்துவிடுங்கள்.

மாதாமாதம் மாற்ற வேண்டுமா? வேண்டாம். தெரிந்தவர் குடிமாறிப் போனபோதும், பட்டியலில் தெரியாத கருவி தென்பட்டபோதும் மாற்றினால் போதும்.

திண்ணையை மூட வேண்டாம்

இதையெல்லாம் கேட்ட ஆசிரியை ஒருவர் இடைவேளையில் என்னிடம் வந்து ஒன்று சொன்னார். "கொரோனாக் காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் சார் பாடம் பார்த்தார்கள். இப்போதும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விண்ணப்பம் போட வருகிறார்கள். பூட்டிவிட்டால் அவர்களுக்கு என்ன சொல்வது?"

இந்தக் கேள்வியை அவையின் முன் வைக்க அவரிடம் அனுமதி கேட்டேன். கடவுச்சொல் என்றாலே 'கஞ்சத்தனம்' என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. தண்ணீர் கேட்டால் மறுக்காத வீடுகள் நம்முடையவை. பிள்ளை இணையம் கேட்டால் மறுக்க மனம் வருமா?

நம் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இதற்கு விடை வைத்திருந்தார்கள். தெருவைப் பார்த்த திண்ணை வழிப்போக்கருக்கு. நடுவாசலைத் தாண்டிய உள்ளறை வீட்டாருக்கு. திண்ணையில் யாரும் இளைப்பாறலாம். அதற்காக நெல் குதிர் இருக்கும் அறையை யாரும் திறந்து வைக்கவில்லை. திண்ணை இருந்ததால் வீடு பாதுகாப்பை இழக்கவில்லை; உள்ளறை பூட்டியிருந்ததால் விருந்தோம்பலும் குறையவில்லை.

பல ரூட்டர்களில் இந்தத் திண்ணை இருக்கிறது. 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று பெயர். அதை இயக்கினால் வேறொரு பெயரில், வேறொரு கடவுச்சொல்லுடன் இரண்டாவது வைஃபை வரும். அதில் இணைபவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். நம் மடிக்கணினியோ அச்சுப்பொறியோ அவருக்குத் தெரியாது. உள் இணைப்பைப் பார்க்க அனுமதிக்கும் தெரிவு அணைந்திருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தெருப் பிள்ளைகள், உறவினர், விருந்தினர் எல்லோருக்கும் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

அதையும் கடவுச்சொல் இல்லாமல் திறந்து விடக் கூடாது. திண்ணையில் அமர்பவர் யார் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். இந்த இணைப்பும் நம் பெயரில்தான் இருக்கிறது. ஆகவே முகம் தெரிந்தவருக்கு மட்டும் கொடுத்து, பருவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பூட்டு செய்யாதது

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லவில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவரை வைஃபை கடவுச்சொல் தடுக்காது. மாணவர் பட்டியலை நாமே தவறான வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எந்த ரூட்டரும் காப்பாற்றாது. பணமோசடி நேர்ந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இந்த எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பள்ளியில் உள்ள இணைய இணைப்புக்கும் நான் சொன்ன அனைத்தும் பொருந்தும். கரும்பலகையின் ஓரத்தில் வைஃபை கடவுச்சொல்லை எழுதி வைக்கும் வழக்கம் இருந்தால் நாளையே அழித்துவிடுவோம்.

வீட்டில் இதைச் செய்து முடித்த ஆசிரியர்கள் தம் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சிறு பிள்ளைகளிடம் அகராதியைக் கொடுத்துச் சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெரிய வகுப்புகளில் 400 கோடியைப் பத்து இலட்சத்தால் வகுக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் கைப்பேசியின் நுணுக்கம் அறிந்த ஒரே ஆள் நம் மாணவர்தான். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், 'அப்பா, நம்ம ரூட்டர்ல ரெண்டு பூட்டு இருக்கு, தெரியுமா?' என்று கேட்டால், ஒரு கூட்டத்தில் நான் பேசியது ஒரு தெருவுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.